பிறந்தநாள் வாழ்த்து வந்துவிட்டது, ஆர்டர் எப்போது வரும்? நட்பு நாட்டுத் தலைவர்களின் மனக்கசப்பு பற்றி

பல்லடம் ரோடு, திருப்பூர்
2025 செப்டம்பர் 17, காலை

நேற்று ராத்திரி டிரம்ப் போன் செய்து பிரதமர் மோடிக்கு 75ஆவது பிறந்தநாள் வாழ்த்து சொல்லியிருக்கிறார். காலையில் எங்கள் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குள் நுழைந்ததும் செக்கிங் டேபிளில் இருந்த அக்கா ஒருவர், "ரெண்டு பேரும் பேசிட்டாங்களாமே, இனிச் சரியாயிடுமுங்களா?" என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

2019 செப்டம்பரில் ஹூஸ்டன் மைதானத்தில் இருவரும் கைகோர்த்து நடந்ததை டிவியில் பார்த்தோம். 2020 பிப்ரவரியில் அகமதாபாத் மைதானம். இந்த வருடம் பிப்ரவரியில் வாஷிங்டனில் சந்தித்து, 2030க்குள் இரு நாட்டு வியாபாரத்தை 500 பில்லியன் டாலருக்குக் கொண்டுபோவோம் என்று அறிவித்தார்கள். ஆறே மாதம். ஆகஸ்ட் 7இல் நம் சரக்கின் மேல் அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது, 27இல் ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி இன்னொரு 25. பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் 20, பாகிஸ்தானுக்கு 19, நமக்கு 50. வாங்குகிற பையர் கணக்குப் போடத் தெரியாதவரா என்ன?

இவ்வளவு நெருக்கமாக இருந்தவர்களுக்குள் எப்படி இப்படி ஆனது, ஒரு போனில் சரியாகிவிடுமா என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். கட்சி பேச வேண்டாம், தயவுசெய்து.

கருமத்தம்பட்டி தறி
செப்டம்பர் 17, காலை

எல்லாம் ரோஷம்தாங்க. மே 10ஆம் தேதி இந்தியா-பாகிஸ்தான் சண்டை நின்றதும், நிறுத்தியது நான்தான் என்று டிரம்ப் சொன்னார். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜூன் 17இல் இருவரும் 35 நிமிடம் போனில் பேசினார்கள். யாரும் நடுவில் வந்து பஞ்சாயத்து செய்யவில்லை, நாங்கள் ஏற்கவும் மாட்டோம் என்று நம் பிரதமர் நேராகவே சொல்லிவிட்டார். கனடாவிலிருந்து திரும்பும் வழியில் வாஷிங்டன் வந்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டதற்கும் வேறு பயணம் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். அடுத்த நாளே பாகிஸ்தான் ராணுவத் தளபதிக்கு வெள்ளை மாளிகையில் மதிய விருந்து.

மூஞ்சிக்கு நேராக இல்லை என்று சொன்னால் பெரிய மனிதருக்குச் சுருக்கென்று தைக்கும். நம் ஊரில் சம்பந்தி வீடுகளுக்குள் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது.

பழைய கோட்டா, திருப்பூர்
செப்டம்பர் 17, மதியம்

தறிக்காரத் தம்பி சொல்வதில் பாதி சரி. ரோஷம் இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் ரோஷத்துக்கு மட்டும் யாரும் 50 சதவீதம் வரி போடுவதில்லை. நான் 1983இலிருந்து எக்ஸ்போர்ட் டாக்குமென்ட் வேலை பார்த்தவன். எங்கள் காலத்துத் தொழிலுக்கு விதி எழுதியதே நட்பு நாட்டுத் தலைவர்கள் இருவரின் சண்டைதான். அதுவும் துணிக்காக. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1968 அமெரிக்கத் தேர்தல். அதிபர் பதவிக்கு நின்ற நிக்சனுக்குத் தென் மாநிலங்களின் ஓட்டு தேவை. கரோலினா, ஜார்ஜியா பக்கமெல்லாம் ஊருக்கு ஊர் நூல் மில், நெசவு மில். நம் அவிநாசி ரோட்டில் ஒரு காலத்தில் சங்கு ஊதியதே, அந்த மாதிரி. ஜப்பானியத் துணி வந்து எங்கள் மில்களை மூடுகிறது என்பது அங்கே பெரிய குறை. பருத்தித் துணிக்கு 1962இலேயே உலக அளவில் ஒரு இறக்குமதி வரம்பு வந்துவிட்டது. கம்பளிக்கும் செயற்கை இழைக்கும் அதே மாதிரி வரம்பு கொண்டுவருகிறேன் என்று நிக்சன் வாக்குக் கொடுத்தார். தெற்குக் கரோலினாவின் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் அவருக்குத் தோள் கொடுத்தார். ஜெயித்ததும் அந்தக் கடனை அடைத்தாக வேண்டும்.

இந்தப் பக்கம் ஜப்பான் பிரதமர் எய்சாக்கு சாத்தோ. அவருக்கு வேண்டியது ஒக்கினாவா. 1945இலிருந்து அமெரிக்க ராணுவத்தின் கையில் இருந்த தீவு. அது திரும்பி வரும்வரை ஜப்பானுக்குப் போர் முடிந்ததாகாது என்று 1965இலேயே அந்த மண்ணில் நின்று பேசியவர். தன் அரசியல் வாழ்க்கையையே அதில் பந்தயமாக வைத்துவிட்டார்.

1969 நவம்பரில் இருவரும் வாஷிங்டனில் உட்கார்ந்தார்கள். 1972இல் தீவைத் திருப்பித் தருவதாக அறிக்கை வந்தது. அதே பேச்சில், கதவைச் சாத்திக்கொண்டு, துணி விஷயமும் பேசினார்கள். முடித்துத் தருகிறேன் என்று சாத்தோ ஒப்புக்கொண்டதாக நிக்சன் எடுத்துக்கொண்டார். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சாத்தோ ஊருக்குத் திரும்பினால் மில் முதலாளிகள் எதிர்ப்பு, தொழில் அமைச்சகம் எதிர்ப்பு. நாடாளுமன்றக் கீழவை அந்த வருட மே மாதமே எதிர்த்துத் தீர்மானம் போட்டிருந்தது. அவரால் நிறைவேற்ற முடியவில்லை. நிக்சன் தன்னை ஏமாற்றிவிட்டதாகவே நினைத்தார்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1971 மார்ச்சில் ஜப்பான் ஜவுளிக்காரர்கள் தாங்களாகவே, நாங்கள் குறைத்து அனுப்புகிறோம் என்று அறிவித்தார்கள். பிரச்சினை அத்தோடு முடிந்திருக்க வேண்டும் அல்லவா? நிக்சன் ஏற்கவில்லை. ஏனென்றால் அந்தச் சமரசத்தைப் பேசி முடித்தவர் வில்பர் மில்ஸ், எதிர்க்கட்சிக்காரர், காங்கிரசில் வரிக் குழுவின் தலைவர். பெயர் அவருக்குப் போய்விடும். தென் மாநில மில்காரர்களுக்கும் அந்த அளவு போதவில்லை.

பிறகு வரிசையாக விழுந்தது அடி. ஜூலை 15இல், நான் சீனாவுக்குப் போகிறேன் என்று நிக்சன் அறிவித்தார். அமெரிக்காவுக்காகத்தான் ஜப்பான் இருபது வருடமாகக் கம்யூனிஸ்ட் சீனாவை அங்கீகரிக்காமல் தள்ளி நின்றது. சாத்தோவுக்குத் தகவல் போனது அறிவிப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன்னால். ஆகஸ்ட் 15இல் டாலருக்குத் தங்கம் தருவது நின்றது, இறக்குமதிக்கு 10 சதவீதக் கூடுதல் வரி வந்தது. ஜப்பான் போரில் சரணடைந்ததை நினைவுகூரும் நாள் அது. கடைசியில் 1917ஆம் வருடத்து எதிரி நாட்டு வர்த்தகச் சட்டத்தை உங்கள் துணிமேல் போடுவோம் என்று மிரட்டினார்கள். நட்பு நாட்டின் மேல், எதிரிக்காக எழுதிய சட்டம்! அக்டோபரில் ஜப்பான் கையெழுத்துப் போட்டது. அப்போது தொழில் அமைச்சராக இருந்து அதை முடித்தவர் தனாக்கா. அடுத்த வருடம் அவரே பிரதமர்.

ஜப்பானியர்கள் சாத்தோவைப் பற்றி, இழையை விற்றுக் கயிறு வாங்கினார் என்று சொன்னார்கள். நாவா என்றால் அவர்கள் மொழியில் கயிறு. ஒக்கினாவாவின் வால் அது.

தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில்: இரண்டு தலைவர்களும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்க்காதீர்கள். ஒவ்வொருவரும் தன் ஊரில் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்று பாருங்கள்.

பல்லடம் ரோடு
செப்டம்பர் 17, சாயங்காலம்

அண்ணா, இரண்டு தரம் படித்தேன். 1971இல் துணிக்காரர்களே இறங்கி வந்த பிறகும் அவர் வேண்டாம் என்றது எனக்குப் புதிது. இங்கேயும் பையர்கள் வரியில் பாதியை நீங்கள் தாங்குங்கள், பாதியை நாங்கள் தாங்குகிறோம் என்று பேசுகிறார்கள். கீழே எத்தனை பேசினாலும் மேலே பெயர் யாருக்கு என்பது முடிவாகாமல் நகராது போலிருக்கிறது.

சரி, டிரம்ப் பக்கம் வாக்கு என்ன என்று தெரிகிறது. 2024 தேர்தலிலேயே எல்லா நாட்டுக்கும் வரி போடுவேன் என்றுதான் ஓட்டுக் கேட்டார். நம் பக்கம்?

காங்கேயம் மயிலை
செப்டம்பர் 17, இரவு

நம் பக்கம் நான்தாங்க.

வீட்டில் ஆறு உருப்படி மாடு இருக்கிறது. மூன்று ஏக்கர் மக்காச்சோளம். வர்த்தகப் பேச்சில் நம் சந்தையைத் திறந்துவிடு என்று அமெரிக்கா கேட்பதில் பாலும் மக்காச்சோளமும் சோயாவும் உண்டு. அவர்கள் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி மரபணு மாற்றியது, நம் நாட்டில் அதைப் பயிர் செய்யவே அனுமதி இல்லை. அது கப்பலில் வந்து இறங்கினால் பல்லடத்துக் கறிக்கோழிப் பண்ணைக்கும் நாமக்கல் முட்டைப் பண்ணைக்கும் தீவனம் மலிவாகக் கிடைக்கும், அவர்களுக்கு லாபம்தான். எனக்கு என்ன விலை நிற்கும்? பால் ஊற்றிவிட்டு வரும் காசில்தான் மாதம் ஓடுகிறது.

ஆகஸ்ட் 7இல் டெல்லியில் எம்.எஸ். சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டில், விவசாயி, பால்காரர், மீனவர் நலனை விட்டுக்கொடுக்க மாட்டோம், அதற்காக நானே பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தாலும் தயார் என்று பிரதமர் பேசினார். கோட்டா அண்ணா சொல்கிற கணக்குப்படி அதுதான் நம் பக்கத்து வாக்கு. அதில் நான் இருக்கிறேன். பனியன்காரர்கள் என்னைக் கோபிக்காதீர்கள்.

அவிநாசி அம்மிணி
செப்டம்பர் 17, இரவு

அண்ணா, உங்களைக் கோபித்து நான் எங்கே போவேன்? எங்கள் வீட்டிலேயே இரண்டும் இருக்கிறது. மாமனார் தோட்டத்தில் மக்காச்சோளம், மூன்று மாடு. முன்பக்கம் ஷெட்டில் என்னுடைய 24 தையல் மிஷின். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் ஜாப் ஒர்க்குத்தான். எனக்கு வேலை கொடுக்கும் கம்பெனி அமெரிக்க ஆர்டரை நம்பியது. ஆகஸ்ட் கடைசியில் வெட்டி வைத்த பீஸைக்கூடத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தைத்து அனுப்பியதற்கே இன்னும் பில் வரவில்லை.

இப்போது 12 மிஷின் துணி போர்த்தி நிற்கிறது. தீபாவளி அக்டோபர் 20. என்னிடம் தைக்கும் பெண்களில் நான்கு பேர் வீட்டில் மாடு இருக்கிறது. பால் விலை விழுந்தாலும் அவர்களுக்குத்தான் அடி, பீஸ் ரேட் போனாலும் அவர்களுக்குத்தான். ஒன்றைக் காப்பாற்ற ஒன்றை விட்டுக்கொடு என்று டெல்லியில் பேசுகிறவர்களுக்குப் பாலும் பனியனும் வேறு வேறு ஆட்களுடையது என்று தோன்றலாம். இங்கே காலையில் பால் கறந்துவிட்டு ஒன்பது மணிக்கு மிஷினில் வந்து உட்காருகிற கை ஒரே கை.

கோபி வாத்தியார்
செப்டம்பர் 18, காலை

அம்மிணி எழுதியதற்குப் பிறகு வரலாறு பேசுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இரண்டு விஷயம்.

ஒன்று, ஜப்பானையும் நம்மையும் அப்படியே ஒரு தட்டில் வைக்க முடியாது. ஜப்பானுக்கு அமெரிக்காவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது, மண்ணில் அமெரிக்கப் படை இருக்கிறது. நாம் அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவோடு குவாட் கூட்டமைப்பில் கூட உட்காருகிறோம், அவ்வளவே. அதனால்தான் ஆகஸ்ட் 31இல் நம் பிரதமர் தியான்ஜினுக்குப் போய்ச் சீன அதிபரையும், மறுநாள் ரஷ்ய அதிபரையும் பார்க்க முடிந்தது. 1971இல் சாத்தோவுக்கு அந்த வசதி இல்லை.

இன்னொன்று, தறி நண்பர் சொன்ன ரோஷத்தை நான் லேசாக நினைக்கவில்லை. 1956ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரும் பிரிட்டிஷ் பிரதமர் ஈடனும் உலகப் போர்க் காலத்திலிருந்து பழகியவர்கள். ஜூலையில் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் ரகசியமாகத் திட்டம் போட்டு அக்டோபர் கடைசியில் எகிப்தின் மேல் படையெடுத்தன. ஐசன்ஹோவரிடம் மூச்சு விடவில்லை. அவருக்கு நவம்பர் 6இல் தேர்தல், சமாதானத்தின் பெயரில் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அதே வாரம் ஹங்கேரிக்குள் ரஷ்ய டாங்கிகள். ரஷ்யாவைக் கண்டிக்க வேண்டிய நேரத்தில் சொந்தக் கூட்டாளியே படையெடுத்துவிட்டால் எந்த முகத்தோடு பேசுவது?

அவர் ஒரு குண்டு போடவில்லை. பவுண்டின் மேல் கை வைத்தார். பிரிட்டனின் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. படையை எடுக்கும்வரை சர்வதேச நிதியத்திலிருந்து கடன் கிடைக்க விடமாட்டோம் என்று அமெரிக்கக் கருவூலம் உறுதியாக நின்றது. பிரிட்டன் படையை எடுத்தது. 1957 ஜனவரியில் ஈடன் உடல்நலத்தைச் சொல்லிப் பதவி விலகினார்.

பிறகு நடந்ததைத்தான் நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒரே அடியை வாங்கிய இரண்டு நாடுகள் நேர் எதிர்ப் பாடம் படித்தன. இனி அமெரிக்காவைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்று பிரிட்டன் முடிவுசெய்தது. ஈடனுக்குப் பின் வந்த மேக்மில்லன், ஐசன்ஹோவருடன் வட ஆப்பிரிக்காவில் வேலை செய்தவர். இரண்டே வருடத்தில் அணு ஆயுத ஒப்பந்தம் போடும் அளவுக்கு ஒட்டிக்கொண்டார். பிரான்ஸோ இனி அமெரிக்காவை நம்புவதில்லை என்று முடிவுசெய்தது. சொந்தமாக அணுகுண்டு செய்தது. 1966இல் பிரெஞ்சு அதிபர் டி கால், அமெரிக்கா தலைமையிலான நேட்டோ கூட்டணியின் ராணுவக் கட்டளை அமைப்பிலிருந்து பிரான்ஸை வெளியே எடுத்து, அமெரிக்கப் படைகளைக் கிளம்பச் சொன்னார். 2009இல்தான் பிரான்ஸ் முழுதாகத் திரும்பியது. ஆனால் கூட்டணியை விட்டு ஒருநாளும் விலகவில்லை, அதையும் கவனிக்க வேண்டும்.

நாம் இப்போது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம்.

கருமத்தம்பட்டி தறி
செப்டம்பர் 18, காலை

ஐயா, ரஷ்ய எண்ணெய் பற்றி யாருமே பேசவில்லையே. 2022க்கு முன் நாம் வாங்கியதில் அது பேருக்குத்தான் இருந்தது, இப்போது சுமார் மூன்றில் ஒரு பங்கு. சீனா நம்மைவிட அதிகமாக வாங்குகிறது, அதற்காக அவர்களுக்கு இந்தக் கூடுதல் வரி இல்லை. இது எந்தக் கணக்கு? எண்ணெய் லாபம் சுத்திகரிப்பு ஆலைக்கு, வரி சோமனூர்த் தறிக்கு.

கோட்டா அண்ணாவுக்கு ஒரு கேள்வி. ஜப்பானில் தறிக்காரன் என்ன ஆனான்? தலைவர்கள் கதை தெரிந்துகொண்டேன்.

பழைய கோட்டா
செப்டம்பர் 18, இரவு

நல்ல கேள்வி தம்பி. சீனாவிடம் அரிய மண் தாதுக்கள் இருக்கின்றன. அவை இல்லாமல் அமெரிக்காவில் காரும் ஓடாது, ஏவுகணையும் பறக்காது. நம் கையில் அப்படி ஒரு பிடி இல்லை. பனியன் நாம் கொடுக்காவிட்டால் டாக்கா கொடுக்கும். பலம் இல்லாத இடத்தில்தான் தண்டனை விழுகிறது.

ஜப்பான் தறிக்காரர்கள் விஷயம். தனாக்கா கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே தன் நிதி அமைச்சகத்தோடு மல்லுக்கட்டிப் பெரிய நிவாரணத் தொகையை வாங்கி வைத்துக்கொண்டார். அரசாங்கமே தறிகளை விலைக்கு வாங்கி உடைத்தது. நன்றாகக் கேளுங்கள், வாங்கி உடைத்தது. பல தலைமுறையாக ஓட்டிய தறியைச் சம்மட்டியால் அடிக்கும்போது பக்கத்தில் நின்றவர்கள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? ஆனாலும் கையில் பணம் கொடுத்தார்கள். நாட்டுக்காகத்தான் உனக்கு இந்த நஷ்டம், இதை நீ ஒருவனே சுமக்க வேண்டாம் என்று ஒரு அரசு ஒப்புக்கொண்டது. இங்கே ஆகஸ்ட் 19இல் பஞ்சு இறக்குமதி மேலிருந்த 11 சதவீத வரியை எடுத்தார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். மில்லுக்கு உதவும், நூல் விலை கொஞ்சம் இறங்கலாம். அம்மிணியின் 12 மிஷினுக்கு அதில் என்ன வரும்?

இதை மட்டும் நான் அழுத்திச் சொல்வேன். ஒக்கினாவா திரும்பியது ஜப்பானுக்குப் பெருமை, மறுக்கவில்லை. பாலையும் மக்காச்சோளத்தையும் காப்பது சரி என்றே நானும் நினைக்கிறேன். எண்ணெய் எங்கே வாங்குவது என்று நாமே முடிவெடுப்பதும் சரி. அப்படியானால் அந்த முடிவின் செலவை எட்டாயிரம் மைல் தள்ளித் துணி விற்கிறவன் தலையில் மட்டும் கட்டக்கூடாது. நாட்டின் முடிவு, நாட்டின் செலவு.

அப்புறம் அந்தச் சண்டை நம் ஊருக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான், கொரியா, தைவான், ஹாங்காங் என்று தனித்தனியாகப் போட்ட வரம்புகள் 1974இல் உலக ஒப்பந்தமாக மாறின. எந்த நாடு எந்தத் துணியை எத்தனை பீஸ் அனுப்பலாம் என்று கணக்கு. அதுதான் கோட்டா. அவர்களுக்கு வரம்பு நிரம்பியதும் பையர்கள் வேறு நாடு தேடினார்கள். நமக்கு ஆர்டர் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு நமக்கும் கோட்டா வந்தது. போன வருடம் அனுப்பியவருக்கு இந்த வருடம் கோட்டா என்பதால், துணியே தைக்காமல் கோட்டாவை மட்டும் விற்றுப் பிழைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். டிசம்பர் மாதம் பீஸ் தயார், கப்பல் தயார், கோட்டா இல்லை என்று ராத்திரி முழுக்க அலைந்திருக்கிறேன். 2005 ஜனவரி 1இல்தான் அது ஒழிந்தது. தெற்குக் கரோலினா மில்காரர்களுக்கு நிக்சன் கொடுத்த வாக்கு, அவர் பதவி போய், அவர் காலமாகி, அதற்குப் பிறகும் பத்து வருடம் திருப்பூரில் உயிரோடு இருந்தது.

பீளமேடு
செப்டம்பர் 20, மதியம்

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன், எழுதவில்லை. இன்று எழுதுகிறேன். அமெரிக்காவில் வேலை பார்க்கத் தரும் புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று நேற்று அறிவித்திருக்கிறார்கள். பிறந்தநாள் போன் வந்து மூன்றாம் நாள். என் தம்பி அங்கே இருக்கிறான், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறான். இன்று அவன் கம்பெனியிலிருந்து உடனே கிளம்பி வா என்று மெயில். அம்மா செய்து வைத்த பலகாரத்தைக்கூடக் கட்டிக்கொள்ளாமல் டிக்கெட் தேடிக்கொண்டிருக்கிறான்.

இதுவரை பனியன்காரர் பிரச்சினை என்று நினைத்துத் தள்ளி நின்றதற்கு வருத்தப்படுகிறேன். கோட்டா ஐயா சொன்ன மாதிரியே பார்த்தேன். அங்கே உள்ளூர் வேலை உள்ளூர்க்காரனுக்கே என்று கொடுத்த வாக்கு இது. போனில் பேசிய இரண்டு பேருக்கும் நடுவில் இந்த விஷயம் வந்ததா என்றுகூட நமக்குத் தெரியாது.

பல்லடம் ரோடு
செப்டம்பர் 20, இரவு

தம்பி பத்திரமாகப் போய்ச் சேரட்டும்.

செக்கிங் அக்காவிடம் இன்று சொன்னேன், போனால் மட்டும் சரியாகாதுக்கா, நாளாகும் என்று. "எத்தனை நாள் ஆகும்னு சொல்லிட்டா நாங்க ஒரு கணக்குப் போட்டுக்குவோமுங்க" என்றார். ஜப்பான் சண்டை மூன்று வருடம் இழுத்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். ஜூலை 24இல் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. அது நடைமுறைக்கு வர இன்னும் காலம் பிடிக்கும், ஆனால் அங்கே உள்ள பையர்கள் இப்போதே விசாரிக்கிறார்கள். சின்ன ஆர்டர்கள்தான், ரேட்டும் இழுபறி. இருந்தாலும் எடுக்கிறோம்.

அவிநாசி அம்மிணி, உங்கள் ஓவர்லாக்கில் எத்தனை ஓடும் நிலையில் இருக்கிறது? குழந்தைகள் ரோம்பர் 4,000 பீஸ், கட்டிங் எங்களுடையது. தீபாவளிக்கு முன்னால் தைத்துக் கொடுக்க வேண்டும். பீஸ் ரேட் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

அவிநாசி அம்மிணி
செப்டம்பர் 20, இரவு

பத்து ஓடும் தம்பி. இரண்டுக்கு மெக்கானிக் வர வேண்டும், திங்கட்கிழமை வரச் சொல்கிறேன். சாம்பிளும் மெஷர்மென்ட் ஷீட்டும் அனுப்பி வையுங்கள். பணம் மட்டும் பீஸ் கொடுத்த பத்து நாளுக்குள் வந்துவிட வேண்டும், போனஸ் கொடுக்க வேண்டும். காலையில் பெண்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.